எட்டாவது நட்டு

பட்டறைத் தெருவில் அவருக்கு இருந்த பெயர் இன்னொருதரம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது கையெழுத்துப் போடுகிற நேரத்தில் மட்டும் வெளியே வந்துவிட்டு உள்ளே போய்விடும். எஞ்சின் பிரித்துக் கட்டுவது அவர் தொழில். வேலை முடிந்து, கையைத் துணியில் துடைத்து, வண்டிக்காரர் சாவியை வாங்கக் கையை நீட்டுகிற நேரம் பார்த்து, "இருங்க, இன்னொரு தரம் பாத்துடறேன்" என்பார். நீட்டிய கை அப்படியே நிற்கும். அவர் மறுபடி வண்டிக்கு அடியில் போய்விடுவார். அவசரக்காரர்கள் யாரும் அவரிடம் வண்டி விடுவதில்லை. உயிர் மேல் ஆசை உள்ளவர்கள் விட்டார்கள்.

பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. இவர் அப்படி வந்து இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்த இழுப்பில் பூட்டு விட்டுப்போயிருக்குமோ என்று இன்னும் ஒரு முறை வருவார். மகள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவள் நன்றாக ஓட்டப் பழகிப் பள்ளிக்கூடத்துக்கே சைக்கிளில் போகத் தொடங்கிய பிறகும் ஓடினார். தெருவே சிரித்தது. கடைசியில் அவள்தான், "அப்பா, நீங்க பிடிச்சா எனக்கு ஆடுதுப்பா" என்று சொல்லி அவரை நிறுத்தினாள்.

மனைவிக்கு இந்தக் குணம் துளியும் கிடையாது. அவள் பாதித் தூக்கத்தில் பாம்பை மிதித்தாலும் "நகரு" என்று சொல்லிவிட்டுப் போகிற ரகம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பட்டறைக்கு வந்தவள், இறுக்கிய நட்டையே அவர் திரும்பத் திரும்ப இறுக்குவதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். மறுநாள் தன் சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இறுக்கி முடிச்சதும் 'ம்'னு சொல்லுங்க. நான் ஒரு புள்ளி வெக்கறேன். நட்டுலயும் போல்ட்டுலயும் சேத்து வெப்பேன். புள்ளி இருந்தா நீங்க திரும்ப அங்க போகக் கூடாது."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். நட்டு போதுமான அளவு இறுகியதும் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும், அவர் 'ம்' என்பார், அவள் புள்ளி வைப்பாள். அவருடைய பயத்துக்கு எந்த டாக்டரும் மருந்து கொடுக்கவில்லை. அந்தச் சிவப்புப் புள்ளிதான் மருந்து. வெளியிலிருந்து தெரிகிற நட்டுகளை அவர் அப்போதும் இன்னொரு தரம் பார்த்தார். ஆனால் புள்ளி வைத்து எஞ்சினுக்குள் போட்டு மூடிய நட்டைப் பற்றி நினைத்து அவர் படுக்கையில் புரண்டதே இல்லை.

மாமனார் விட்டுப்போன கார் ஒன்று பட்டறையின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் நின்றது. இளம்பச்சை நிறம், வட்ட விளக்கு, கதவைச் சாத்தினால் அலமாரி சாத்துகிற சத்தம். அந்த மாதிரிக் கார் இப்போது தெருவில் ஓடினால் பிள்ளைகள் நின்று பார்க்கும். எஞ்சின் மட்டும் உளுத்துப்போயிருந்தது. கிளப்பினால் நீலப் புகை. பெட்ரோலைவிட ஆயிலை அதிகம் குடித்தது. மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்ததும், தாத்தா காரில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

முதலில் வேறு எஞ்சின் தேடினார்கள். பழைய இரும்புக் கடைகளில் லேத்துக்காரரோடு அலைந்தார். லேத்துக்காரர் பக்கத்துப் பட்டறை. வயதில் இளையவர், வாய் நீளம், மனசு நல்லது. ஒரு கடையில் கிடைத்த எஞ்சினுக்குள் தண்ணீர் நின்று பிஸ்டன்கள் துருவில் உறைந்திருந்தன. இன்னொன்று பார்க்கப் பளபளவென்று இருந்தது. இவர் அதன் பக்கச் சுவரில் மண்ணெண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மயிரிழை போல ஒரு ஈரக்கோடு எழுந்தது. விரிசல்; மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் இருக்கிற எஞ்சினையே கட்டுவது என்று முடிவாயிற்று. சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி, கிராங்க் என்கிற சுழல் தண்டைச் சாணை பிடித்து, புதுப் பிஸ்டன், புது ரிங், புதுப் பேரிங் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று.

சண்டை அப்போதுதான் வந்தது. கார் தயாரானதும் ஒரு மாதம் தானே ஓட்டிப் பார்ப்பதாகவும், மகள் அதுவரை பஸ்ஸில் போகட்டும் என்றும் அவர் சொன்னார்.

"உங்க ஒரு மாசம் ஒரு வருஷமாகும்" என்றாள் மனைவி.

"மலைப்பாதைம்மா. ஒவ்வொரு வளைவும் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

"எனக்கு அவளைத் தெரியும். அவளும் உங்களை மாதிரியே ஆயிட்டா. கேஸை மூடிட்டு ரெண்டு தரம் போய்ப் பாக்கறா. வேலைக்குச் சேரலாமா வேணாமான்னு வாரக்கணக்கா அழுதா. பெத்த பொண்ணுக்கு உங்க பயத்தைத் தவிர வேற என்ன குடுத்தீங்க?"

அந்தச் சொல் நேராகப் போய்த் தைத்துவிட்டது. ஏனென்றால் அதையே அவரும் பல நாள் நினைத்திருக்கிறார். மகள் பூட்டை இழுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், தன் வியாதி அவளுக்கும் ஒட்டிக்கொண்டதைப் பார்க்கிற மாதிரி அவருக்கு மனசு கூசும்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றது. தட்டு வைக்கிற சத்தம், தட்டு எடுக்கிற சத்தம், அவ்வளவுதான். ஆனால் வேலை நிற்கவில்லை. எஞ்சினைத் தலைகீழாக ஸ்டாண்டில் பூட்டி, ராடுகளை இறுக்குகிற நாளில் அவள் வழக்கம் போல நெயில் பாலிஷோடு வந்து நின்றாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றாள்.

ராட் என்பது பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்கிற தண்டு. நாலு பிஸ்டனுக்கு நாலு ராட்; ஒவ்வொன்றும் கிராங்கைக் கட்டிப்பிடித்திருக்க இரண்டிரண்டு நட்டு. முதலில் எட்டையும் பாதி இறுக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாக ரெஞ்ச் 'டக்' என்கிற வரை முழுசாக இறுக்க வேண்டும். அவர் இறுக்கினார், 'ம்' சொல்லவில்லை. சொன்னால் முதலில் பேசியவராகிவிடுவார். அவளும் கேட்கவில்லை. அவர் கையைப் பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். நடுவில் போன் வந்தது. மகள்தான். அவர் எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்து பார்த்தால் எட்டு நட்டிலும் எட்டுச் சிவப்புப் புள்ளி.

மூடுவதற்கு முன் ரெஞ்சைத் தூக்கினார். இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று கை தானாகப் போயிற்று. மனைவி நிற்பது கண்ணில் பட்டது. பயத்தைத் தவிர என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டவள் முன்னால், புள்ளி வைத்த நட்டைத் திரும்பத் தொட்டுப் பார்க்க ரோஷம் விடவில்லை. ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு ஆயில் தட்டை மாட்டி மூடிவிட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலையை ஒரே தரம் பார்த்து முடித்தார்.

கார் சமதரையில் பஞ்சாக ஓடியது. அவரே ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். புகை இல்லை, சத்தம் இல்லை. ஒரு மாதம் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. மகள் தோழி ஒருத்தியோடு கிளம்புகிற காலையில், ஜன்னலில் கை வைத்துக் குனிந்து, மனைவி காதிலும் விழட்டும் என்று சற்று உரக்கவே சொன்னார்.

"புதுசாக் கட்டின எஞ்சின். ஏத்தத்துல கொஞ்சம் தட்டும், தானாச் சரியாப் போயிடும். சத்தம் கேக்குதுன்னு பயந்து நடுவுல நிறுத்தாதே. தைரியமாப் போ."

மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்களாப்பா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

கார் தெருமுனை திரும்பியது. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இறங்கியிருந்தது. பட்டறைக்குள் போய் டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு பேரும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். பேச்சு மெல்லத் திரும்பி வந்தது.

"அன்னிக்கு நல்லா சோதிச்சீங்க என்னை" என்று சிரித்தாள். "ஒரு 'ம்' கூட இல்ல. நீங்க எப்ப முடிக்கறீங்கன்னு உங்க முழங்கையையே பாத்துட்டு நின்னேன். கடைசி நட்டுல ரெஞ்சை மாட்டினீங்க, போன் அடிச்சுது, எடுத்துட்டுப் போயிட்டீங்க. நான் புள்ளி வெச்சுப் பாட்டிலை மூடிட்டேன்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"மாட்டினேனா, இறுக்கினேனா?"

"இறுக்கித்தானே போவீங்க?"

அவர் நினைவில் தேடினார். ரெஞ்சை மாட்டியது ஞாபகம் வந்தது. போன் அடித்தது ஞாபகம் வந்தது. நடுவில் அந்த 'டக்' சத்தம் இருந்ததா? எத்தனை முறை அந்த நிமிஷத்துக்குத் திரும்பிப் போனாலும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கேட்டதாகவும் இல்லை, கேட்கவில்லை என்றும் இல்லை. பாதி இறுக்கிய நட்டு சமதரையில் பேசாமல் இருக்கும். ஏற்றத்தில் இழுக்க இழுக்கத் தளரும். முதலில் தட்டும். அப்புறம் பலமாகத் தட்டும். அப்புறம் ராட் பிய்த்துக்கொண்டு எஞ்சின் சுவரை உடைக்கும். எஞ்சின் இறுகி, சக்கரமும் இறுகிக்கொள்ளும். வளைவில் அப்படி ஆனால் கார் எந்தப் பக்கம் போகும் என்று அவர் நினைக்காமலிருக்கப் பார்த்தார். முடியவில்லை.

அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் உறைத்தது. மகள் பயப்படுகிற பெண். சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள். நிறுத்தாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் அப்பா சொன்னதைத் தட்டாத பெண்ணும்கூட.

மகளின் போன் எட்டவில்லை. மலை ஏறத் தொடங்கியிருப்பாள். லேத்துக்காரர் விஷயத்தை முழுசாகக் கேட்பதற்குள் தன் வேனைக் கிளப்பிவிட்டார். இவர் ஜாக்கி, ரெஞ்ச், ஸ்பானர் பெட்டி எல்லாவற்றையும் வாரிப் பின்னால் போட்டார். மனைவி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஏறினாள்; யாரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

"அண்ணே, நீங்க இறுக்காம விட்ட நட்டுன்னு இந்த உலகத்துல ஒண்ணு இருக்குமா? இருந்தா அதை நான் கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் கும்பிடறேன்" என்றார் லேத்துக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

மலை தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் இவர் பள்ளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் விடவும் பயமாக இருந்தது. ஓரிடத்தில் சாலையில் ஆயில் சிந்திக் கிடந்தது. வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, விரலால் தொட்டு முகர்ந்தார். கறுப்பு ஆயில், ஏதோ லாரியுடையது. அவர் ஊற்றியது புது ஆயில், தேன் நிறத்தில் இருக்கும். ஏறி உட்கார்ந்து மூச்சு விட்டார். இன்னொரு வளைவில் தடுப்புச் சுவர் உடைந்து கிடந்தது. இறங்கி ஓடினார். கால் ஓடியதே தவிர, விளிம்பு வரை போய் எட்டிப் பார்க்க உடம்பு ஒத்துழைக்கவில்லை. லேத்துக்காரர்தான் பார்த்துவிட்டு, "பழசு அண்ணே. உடைஞ்ச இடத்துல பாசி பிடிச்சிருக்கு" என்றார். திரும்பி வந்தபோது மனைவி கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தாள். எதற்கும் அஞ்சாதவள், அவள் கை வேனின் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது.

"புள்ளி வெச்சது நான்" என்றாள்.

"சொல்லாம விட்டது நான்" என்று சொல்லத்தான் நினைத்தார். அவள் மடியில் நெயில் பாலிஷ் பாட்டில் இருந்தது. எதற்காக எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

இன்னும் சில வளைவுகள் ஏறியதும் கார் தெரிந்தது.

சாலையின் வெளிப்பக்க ஓரத்தில் நின்றது. பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்திருந்தது. முன்மூடி திறந்திருந்தது. ஓட்டுகிற பக்கத்துக் கதவும் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

அவர் வேன் நிற்பதற்குள் குதித்தார். காருக்குள் பார்த்தார். மகளின் துப்பட்டா சீட்டில் கிடந்தது. காருக்கு அந்தப் பக்கம் பள்ளம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் விளிம்பை நோக்கி நடந்தார்.

"அப்பா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. சாலையின் உள்பக்கம், பாறையில் தண்ணீர் வழிகிற இடத்திலிருந்து மகள் கையில் நிரப்பிய பாட்டிலோடு வந்துகொண்டிருந்தாள். தோழி ஒரு லாரியில் ஏறி, போன் எடுக்கிற இடத்துக்குப் போயிருக்கிறாளாம்.

"ஏன் நிறுத்தினே?" என்று கேட்டார். உள்ளுக்குள் இருந்தது வேறு; வெளியே வந்தது அதட்டலாக இருந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

"கோவப்படாதீங்கப்பா. நிறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்க. தட்டற சத்தம் கேட்டுது. கேக்காத மாதிரியே கொஞ்ச தூரம் ஓட்டினேன். அவ வேற பாட்டைச் சத்தமா வெச்சு, ஒண்ணுமில்லடி போடின்னு சிரிச்சா. என்னால முடியலப்பா. பயந்துட்டேன். ஓரங்கட்டிட்டேன்." குரல் உடைந்தது. "நீங்க ஒரே ஒரு தரம் தைரியமாப் போன்னு சொன்னீங்க. அதைக்கூட என்னால செய்ய முடியல."

அவர் நடுச்சாலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதார். வயசான மனுஷன், பெண் முன்னால், லேத்துக்காரர் முன்னால், கேவிக் கேவி அழுதார். மனைவி வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் காரை நிறுத்தியதற்கு இத்தனை பேர் இவ்வளவு தூரம் வந்து அழுவார்களா என்று மிரண்டுபோய் நின்றாள்.

அந்தக் காரில் எஞ்சினை இறக்காமலே ஆயில் தட்டைக் கழற்றிவிடலாம். சூடு ஆறியதும் ஆயிலை வடித்து, தட்டை இறக்கி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து அடியில் போனார். ஏழு புள்ளிகள் முழுசாக இருந்தன. எட்டாவது இரண்டாகப் பிளந்திருந்தது. பாதிச் சிவப்பு போல்ட்டில், பாதிச் சிவப்பு நட்டில். நடுவே வெற்று இரும்பு. நட்டு தனக்குத் தானே அவ்வளவு தூரம் திரும்பியிருந்தது.

மகளைக் கூப்பிட்டார். அவளும் தரையில் படுத்து அடியில் வந்தாள். அவள் விரலைப் பிடித்து அந்த நட்டின் மேல் வைத்தார்.

"திருப்பு."

இரண்டே விரலில், ஜாம் பாட்டில் மூடி மாதிரி நட்டு சுற்றியது. அவள் வெடுக்கென்று கையை எடுத்துவிட்டாள். நர்ஸ் படிப்பின்போது ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள். அந்த நட்டு என்ன செய்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. காருக்கு அடியில் அந்த இருட்டில் அவள் தலையைத் தடவினார். "நல்ல வேளை நீ பயந்தேம்மா. நல்ல வேளை என் பேச்சைக் கேக்கல."

காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மகள் வேலைக்குப் பஸ்ஸில் போனாள். விடுமுறைக்கு வந்தபோது எஞ்சின் மறுபடி தலைகீழாக ஸ்டாண்டில் இருந்தது. அடிபட்ட பேரிங்கை மாற்றி, ராடுகளைத் திரும்ப மாட்டியாயிற்று. மனைவி பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மகள் எதிர்ப்பக்கம் கை கட்டிக்கொண்டு நின்றாள். ஏழு முறை 'டக்', ஏழு முறை 'ம்', ஏழு புள்ளி.

எட்டாவது நட்டில் ரெஞ்ச் 'டக்' என்றது. மூன்று பேருக்கும் கேட்டது. அவரிடமிருந்து 'ம்' வரவில்லை. மனைவி பிரஷைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். நுனியில் சிவப்பு திரண்டு, ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"சொல்லுங்க. நீங்க சொல்லாம நான் வெக்க மாட்டேன்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம் பாத்துடுங்கப்பா" என்றாள்.

மனைவி பிரஷைப் பாட்டிலுக்குள் வைத்துவிட்டு, ரெஞ்சை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.